அக்காவின் நாற்பது காசு

ஜனவரி 11, ஞாயிறு

காலையில் தண்ணீர் வடிகட்டியைக் கழற்றிப் போட்டு, எந்த வளையம் எதற்குள் போகும் என்று விழித்துக்கொண்டிருந்தபோது அக்கா வந்தாள். கையில் துணிப்பை. பைக்குள் துண்டு. துண்டுக்குள் பணம். தையல் கடையை விற்ற பணம் முழுசும்.

"இதுக்குத் தங்கக் காசு வாங்கி வச்சிருடா. எது நல்லதுன்னு நீயே பாத்து வாங்கு."

பாங்கில் போடலாமே என்றேன். போட்டால் அவள் பையனுக்குத் தெரிந்துவிடுமாம். கணக்கு இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது. அவனோ கார், கார் என்று ஆறு மாதமாக அரித்துக்கொண்டிருக்கிறான். "கேட்டா இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வராதுடா. காசா உன்கிட்ட இருந்தா, இருக்கறதே தெரியாது."

அவன் வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. அக்காவுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்து கிடக்கிறது. படுக்கை ஹாலில். மருமகள் டிவியை அணைத்தால்தான் இவள் கண்ணை மூடலாம். அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருத்தியின் வீடு இருக்கிறது. ஒரே அறை, ஒரு சமையல் மேடை, குளியலறை, அவ்வளவுதான். நர்ஸம்மா ஆகஸ்ட்டில் மகளோடு போய்விடப் போகிறாள். "உனக்குன்னா விலையை ஏத்த மாட்டேன், ஆகஸ்ட் முதல் வாரம் வரைக்கும் வச்சிருக்கேன்" என்று சொல்லியிருக்கிறாள். அந்த விலையில் பத்தில் ஒன்பது பங்குதான் அக்காவிடம் இருக்கிறது. மீதியைத் தங்கம் ஏறிக் கொடுத்துவிடும் என்று கணக்குப் போட்டிருக்கிறாள்.

"அறுபத்திரண்டு வயசுல எனக்குன்னு ஒரு கதவு வேணும்டா. உள்ளேர்ந்து தாழ்ப்பாள் போட்டுக்கற மாதிரி."

அக்காவிடம் இந்த மாதிரி ஒரு பேச்சை நான் இதுவரை கேட்டதில்லை. நாளைக்குப் பணத்தை என் கணக்கில் போட்டுவிட்டு வேலையை ஆரம்பிக்க வேண்டும்.

ஜனவரி 17

மூன்று கடை, இரண்டு பாங்க். புது நோட்டு ஒன்று போட்டாயிற்று.

இருபத்திரண்டு காரட் காசும் இருக்கிறது, இருபத்துநாலும் இருக்கிறது. நகையாக மாற்றுவதென்றால் முதலாவது; விற்பதற்கென்றால் இரண்டாவது. நமக்கு இரண்டாவது. சின்னக் காசு வாங்கினால் அடிக்கும் கூலி அதிகம், பெரிய காசு வாங்கினால் கொஞ்சமாகப் பிரித்து விற்க முடியாது. பாங்க் காசு சுத்தம், ஆனால் நான் போன இரண்டு பாங்கிலும் "விற்போம் சார், திரும்ப வாங்க மாட்டோம்" என்றார்கள். இதென்ன நியாயமோ. கடைக் காசைத் திரும்ப வாங்குவார்கள், பிளாஸ்டிக் உறை பிரியாமல் இருந்தால். பிரித்துப் பார்த்தால் பிடித்தம்.

இன்றைய விலைக்குப் பத்து கிராம் காசு சரியாக நாற்பது வரும். நாற்பது! அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "நாற்பதா?" என்று சின்னப் பெண் மாதிரி சிரித்தாள்.

நோட்டில் ஒரு விதி எழுதி இரண்டு தரம் அடிக்கோடு போட்டேன். காசோடு வரும் பெட்டிக்கும் சான்றிதழுக்கும் பணம் கொடுக்கக்கூடாது. தங்கத்துக்கு மட்டும்.

ஜனவரி 25, ஞாயிறு

அத்தான் உயிரோடு இருந்தவரை எனக்கு 'ஆராய்ச்சி' என்றுதான் பெயர். "ஆராய்ச்சி வந்தாச்சு, கதவை அளந்து பாத்துட்டு உள்ள வருவான்" என்பார். என் மனைவி இன்னும் மோசம். "உங்களோட சட்டை எடுக்கப் போனா, நீங்க ஒண்ணைத் தேர்ந்தெடுக்கறதுக்குள்ள கடைக்காரனுக்குக் கல்யாணமாகிப் பிள்ளையும் பொறந்துடும்."

சிரிக்கட்டும். இருபத்தெட்டு வருஷமாக ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். சந்தேகம் வந்தால் இன்னொரு தரம் ஓட்டு, அதன் பிறகு கையெழுத்துப் போடு. இதுவரை தப்பான ரிப்போர்ட் ஒன்றுகூடப் போனதில்லை. அதனால்தானே அக்கா என்னிடம் வந்தாள்?

பத்து கிராமா, ஐந்து கிராமா என்பது இன்னும் முடிவாகவில்லை. நாலாவது கடை ஒன்றில் கூலி குறைவு என்று கேள்வி. சனிக்கிழமை போய்ப் பார்க்கணும்.

பிப்ரவரி 3

விலை ஏறிவிட்டது. இப்போது முப்பத்தெட்டுதான் வரும். அவசரப்படக்கூடாது. இறங்கும்.

பிப்ரவரி 12

ஒரு காரியம் செய்துவிட்டேன். எழுதிவைத்துவிடுகிறேன்.

மத்தியானம் சாப்பிட உட்காரும்போது அக்கா போன். "பேப்பர்ல பாத்தேன், தங்கம் கிடுகிடுன்னு ஏறுதாமே! நல்லவேளைடா, நீ அப்பவே வாங்கிட்டே. வாங்கிட்டேல்ல?"

"வாங்கியாச்சு" என்றேன்.

ஏன் சொன்னேன்? பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள், டப்பாவைத் திறந்து வைத்திருந்தேன், அவள் குரலில் அவ்வளவு சந்தோஷம் — இதெல்லாம் ஒரு காரணமா? நாளைக்குப் போய் வாங்கிவிடப் போகிறேன், ஒரு நாள் முன்னாலேயே சொன்னால் என்ன குடி முழுகிவிடும் என்று தோன்றியது.

"நாற்பதும்?"

"நாற்பதும்."

ஓட்டாத டெஸ்ட்டுக்கு ரிப்போர்ட் எழுதிக் கொடுத்த மாதிரி இருக்கிறது. நாளை காலை முதல் வேலை இதுதான்.

பிப்ரவரி 13

போனேன். இன்றைய விலைக்கு முப்பத்தாறரைதான் வரும் என்றான் கடைக்காரன். நாற்பது என்று சொல்லியாயிற்று, முப்பத்தாறை எப்படி வாங்குவது? மீதி நாலை எங்கே போய்ப் பிடிப்பது? கொஞ்சம் இறங்கட்டும். ஒரே வாரம்.

மார்ச் 1, ஞாயிறு

இறங்கவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

அக்கா நேரில் வந்துவிட்டாள். ஆட்டோ பிடித்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு. "ஒரு தடவை கண்ணால பாக்கணும்டா. தொடக்கூட வேண்டாம்."

லாக்கரில் இருக்கிறது, இன்று ஞாயிறு, பாங்க் திறக்காது என்றேன். ஞாயிற்றுக்கிழமை என் பக்கம் இருந்தது. "ஆமாமா, அங்கேயே இருக்கட்டும், பத்திரமா" என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பிறகு என் மனைவியிடம் போய், "என் தம்பி மாதிரி ஒருத்தன் எல்லார் வீட்டிலும் இருக்கணும்" என்றாள். நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

என் மனைவிக்கு லாக்கர் கதை தெரியாது. காசை நான் எப்போதோ வாங்கி பீரோவில் வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். அக்கா போனதும், "லாக்கர் எப்ப எடுத்தீங்க?" என்றாள். போன மாதம் என்றேன். ஒரு பொய்க்கு இவ்வளவு வாடகையா?

ஏப்ரல் 11

இன்று வாங்கிவிட்டேன். வாங்கியேவிட்டேன்.

கடைவீதி மூலையில் குளிரூட்டிய சின்னக் கடை. காசுகள் மட்டும் விற்கிறார்கள். விற்பனையாள் என்னைவிட இருபது வயது சின்னவன், அவ்வளவு மரியாதை. என் பிரச்சினையைச் சொன்னேன் — பொய்யை இல்லை, காசு குறைவதை மட்டும். சாதாரணக் காசு வாங்கினால் இன்று முப்பத்திரண்டுதான் வரும். ஆகஸ்ட்டுக்குள் விட்டதைப் பிடிக்க வேண்டும், என்ன வழி என்றேன். அவன் வெல்வெட் துணியை விரித்து ஒரு மரப்பெட்டியை வைத்தான். உள்ளே நினைவுக் காசு. ஒரு பக்கம் கப்பல், ஒரு பக்கம் எண். மொத்தமே ஆயிரம்தான் அடித்ததாம்.

"சாதாரணக் காசு தங்க விலையோட நடக்கும் சார். இது தங்கத்தை முந்திட்டு ஓடும். நாலே மாசம், பாருங்க."

விலை அதிகம். அதே பத்து கிராம்தான், ஆனால் இருபத்து மூன்றுதான் வந்தது. இருபத்து மூன்று பெட்டி, இருபத்து மூன்று சான்றிதழ். எண்ணைச் சரிபார்த்தேன், எடையைச் சரிபார்த்தேன், ரசீதை மூன்று தரம் படித்தேன். மூன்று மாதமாக ஆராய்ந்தவன், ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு வந்தேன். எவ்வளவு லேசாக இருந்தது தெரியுமா! கையில் ஏதோ இருக்கிறது. இனிமேல் நான் சொன்னது முழுப் பொய் இல்லை.

நோட்டை எடுக்கவில்லை. அதில் என்ன எழுதியிருக்கிறேன் என்று எனக்குத் தெரியும்.

மே 10, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஆள் மூன்றாம் மாடியில் இல்லை, கீழே நர்ஸம்மாவோடு ஜன்னலை அளந்துகொண்டிருந்தாள். கழுத்தில் தையல்காரி டேப். கட்டில் இங்கே வருமாம், மிஷின் அங்கே. ஒரே ஒரு மிஷினை விற்காமல் வைத்திருக்கிறாள், சும்மா இருக்க முடியாதாம்.

நர்ஸம்மா சொன்னாள்: "போன வாரம் ஒருத்தர் வந்து கூடவே தர்றேன்னார். நான் ஒத்துக்கலை. உங்க அக்காதான் இப்ப முழுப் பணமும் இருக்குன்னுட்டாங்களே. தம்பி கெட்டிக்காரர், ஆரம்பத்திலேயே வாங்கிட்டார்னு."

அக்கா பெருமையாக என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் கம்பியில் துரு இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன்.

ஜூன் 20

பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு அதே கடைக்குப் போனேன். என்ன விலைக்கு எடுத்துக்கொள்வீர்கள் என்று கேட்டேன். அதே பையன், அதே மரியாதை.

"நாங்க திரும்ப வாங்கறதில்லை சார். சேகரிக்கறவங்க யாராவது கேட்டு வந்தா உங்க நம்பரைத் தர்றேன்."

எத்தனை பேர் வருவார்கள் என்றேன். சிரித்தான்.

ஜூன் 27

வேறு மூன்று கடை ஏறி இறங்கினேன். கடைசிக் கடைக்காரர் வயதானவர். பெட்டியைத் திறந்து காசை மட்டும் எடுத்துத் தராசில் வைத்தார். பத்து கிராம். இன்றைய விலையைச் சொல்லி, உருக்குவதற்குக் கொஞ்சம் பிடித்தம் என்றார்.

"அவ்வளவுதானா? சான்றிதழ் இருக்கே. ஆயிரம்தான் அடிச்சாங்களாம்."

"பெட்டியை நீங்களே வச்சுக்குங்க சார். நல்ல மரம்."

இருபத்து மூன்றையும் போட்டால் அக்கா கொடுத்ததில் நாலில் மூன்று பங்கு தேறும். பணத்தை அப்படியே கணக்கில் தூங்கவிட்டிருந்தால்கூட முழுசாக இருந்திருக்கும். ஜனவரி பதினேழாம் தேதி, முதல் கடையில், முதலில் காட்டிய காசை வாங்கியிருந்தால் — வீட்டை வாங்கியது போக மிச்சமே இருந்திருக்கும்.

ஜனவரியில் என்ன கேடு வந்தது எனக்கு? யார் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்?

ஜூலை 4

மனைவியிடம் சொல்லிவிட்டேன். கத்துவாள் என்று நினைத்தேன். உட்கார்ந்துவிட்டாள்.

"தப்பா வாங்கினீங்க, சரி, அது போகட்டும். வாங்காமலே வாங்கினேன்னு சொன்னீங்களே. அண்ணி இந்த வீட்டுக்கு வந்து உங்களைப் பத்தி என்கிட்ட என்ன சொல்லிட்டுப் போனாங்க? நானும் ஆமாம்னு தலையாட்டினேனே!"

கொஞ்ச நேரம் கழித்து நாலு வளையலையும் கழற்றி மேஜையில் வைத்தாள். நான் தொடவில்லை. வேலை செய்யும் இடத்தில் கடன் கேட்டிருக்கிறேன். கைக்கு வர இரண்டு மாதம் ஆகும் என்கிறார்கள். நர்ஸம்மா ஆகஸ்ட் எட்டாம் தேதி கிளம்புகிறாள்.

நாளைக்குப் போய்ச் சொல்ல வேண்டும்.

ஜூலை 5, ஞாயிறு

போகவில்லை. மழை. மழை ஒரு சாக்கு.

ஜூலை 7

லீவு போட்டுவிட்டுப் போனேன். பையனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள். அக்கா தரையில் துணியை விரித்து, புது அறை ஜன்னலுக்குத் திரை வெட்டிக்கொண்டிருந்தாள். பச்சை. "கலர் நல்லா இருக்கா பாரு. நீ சொன்னாத்தான் மிச்சத்தை வெட்டுவேன்."

சொன்னேன். பிப்ரவரியிலிருந்து ஒன்றுவிடாமல் சொன்னேன். பேச்சு நடுவில் தடுக்கித் தடுக்கி நின்றது.

"நாற்பதுன்னியேடா?"

"இருபத்து மூணுதான் இருக்கு. அதுவும் வேற மாதிரிக் காசு. வித்தா அவ்வளவு வராது."

கத்திரிக்கோலைக் கீழே வைத்தாள். விரலை உள்ளே விட்டபடியே வைத்திருந்தாள், எடுக்க மறந்துவிட்டாள் போல.

"உனக்கு முடியலைன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா, நானே போய் ஏதோ ஒண்ணை வாங்கியிருப்பேனேடா. எனக்கு எது நல்லதுன்னு தெரியாது, அவ்வளவுதானே. வாங்கத் தெரியாதா?"

என்னை நாலு வார்த்தை திட்டு அக்கா என்றேன். என் வாயால் கேட்டேன். அவள் திட்டவில்லை. வளையல் விஷயத்தைச் சொன்னதற்கு, "அவ கையை மூளியாக்கிட்டு நான் அங்க போய்க் கதவைச் சாத்திட்டுத் தூங்கணுமா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு, "நர்ஸம்மாகிட்ட எந்த முகத்தோட போய்ச் சொல்றது? எனக்காக வந்தவரைத் திருப்பி அனுப்பினாளே" என்று அதையே இரண்டு மூன்று தரம் சொன்னாள்.

நான் சொல்கிறேன் என்றேன்.

"வேண்டாம். நீ சொல்ல வேண்டாம்."

வெட்டாத துணியை மடித்து உள்ளே வைத்தாள். டீ போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன். பாவி, குடித்துவிட்டு வந்திருக்கிறேன்.

ஜூலை 11

இருபத்து மூன்றையும் விற்றேன். பெட்டிகளை அந்தக் கடையிலேயே விட்டுவிட்டேன்.

ஜூலை 12, ஞாயிறு

பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். குறைவதை மாதாமாதம் கொடுத்து அடைத்துவிடுகிறேன் என்று எழுதி எடுத்துப் போயிருந்தேன். பணத்தை வாங்கிக்கொண்டாள். தாளை மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டாள். "கொடுக்கறதானா கொடு. எழுதிக் காட்டாதே."

அடித்த மாதிரி இருந்தது.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

கீழ்த்தள வீடு மருந்துக் கடைக்காரருக்குப் போய்விட்டது. சரக்கு வைத்துக்கொள்ளவாம். அட்டைப்பெட்டி அடுக்க ஓர் அறை.

நர்ஸம்மா கிளம்பும்போது அக்கா மாடியிலிருந்து இறங்கிப் போய் வழியனுப்பினாளாம். மருமகள் என் மனைவிக்குப் போனில் சொல்லியிருக்கிறாள். எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

அக்கா பையன் வந்தான். தனியாக. அக்கா அவனிடம் எல்லாம் சொல்லிவிட்டாளாம். அவன் திட்டினால் கேட்டுக்கொள்ள நான் தயாராகத்தான் இருந்தேன். அவன் கேட்டது வேறு.

"மாமா, அம்மா என்கிட்ட குடுக்கப் பயந்துதான் உங்ககிட்ட குடுத்தாங்களா?"

இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். பொய் சொல்லிச் சொல்லி வந்து நிற்கும் இடம் இது என்று தோன்றியது. ஆமாம் என்றேன்.

தலையாட்டினான். "நான் ஒண்ணும் யோக்கியன்னு சொல்ல வரலை. கையில இருந்திருந்தா கார் கேட்டிருப்பேன். கெஞ்சியிருப்பேன். ஆனா ஒண்ணு மாமா, எங்கே போச்சுன்னாவது அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

என் மனைவி கொண்டுவந்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தான். மிச்சப் பணத்தை அக்கா அவனோடு சேர்ந்த கணக்கிலேயே போட்டுவிட்டாளாம். போகும்போது, "அம்மாவுக்கு வீடு வேணும்னே எனக்குத் தெரியாது மாமா. ஒரே வீட்ல இருக்கேன்" என்றான். என்னால் அவனைப் பார்க்க முடியவில்லை. அவனைப் பற்றி நானும் அக்காவும் எத்தனை ஞாயிற்றுக்கிழமை பேசியிருப்போம்!

செப்டம்பர் 2

முதல் மாதப் பணம் அனுப்பினேன். "வந்தது" என்று ஒரு வார்த்தையில் பதில்.

செப்டம்பர் 20, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா போன் செய்வதில்லை. முன்பெல்லாம், எந்த டாக்டர், எந்தச் செருப்பு, எந்தக் கம்பெனி மாத்திரை என்று பிய்த்து எடுப்பாள். எனக்கு எரிச்சலாகக்கூட இருக்கும். இன்று நானே செய்தேன். நல்லா இருக்கேன், நீ எப்படி இருக்கே, அவ எப்படி இருக்கா. முடிந்தது. கோபமாகப் பேசினால்கூடத் தேவலை.

அக்டோபர் 18, ஞாயிறு

போன் வேண்டாம், போய்விடுவோம் என்று போனேன். கீழ்த்தளத்தில் ஜன்னல் வரை அட்டைப்பெட்டி.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் அக்கா உட்கார்ந்திருந்தாள். சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, நீல நிறம், கைவைத்தது. காய்கறிப் பை மடியில். என்னைப் பார்த்ததும், "வா. மூச்சு வாங்கிட்டுப் போலாம்னு உட்கார்ந்தேன்" என்றாள். முகத்தில் கோபம் இல்லை. வீட்டுக்கு வருகிற எவரையும் பார்ப்பது மாதிரி பார்த்தாள்.

யார் வீட்டு நாற்காலி என்றேன்.

"எனக்குத்தான். மாடி ஏற முடியலைன்னு ஒருநாள் இங்க படியிலேயே உட்கார்ந்துட்டேன். பையன் பாத்துட்டான். திரும்ப இறங்கிப் போனான், முதல்ல இருந்த கடையில கண்ணுல பட்டதைத் தூக்கிட்டு வந்துட்டான். அஞ்சு நிமிஷம்கூட ஆகலை. நான் இன்னும் எழுந்திருக்கவே இல்லை."

ஒரு கால் லேசாக ஆடுகிறது. கீழே அட்டையை நாலாக மடித்து வைத்திருக்கிறான். எவ்வளவு, எந்தக் கடை என்று என் வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

இன்னும் ஒரு மாடி பாக்கி. பையை வாங்கிக்கொண்டேன், கொடுத்தாள். எழுந்திருக்கட்டும் என்று கையை நீட்டினேன். அவள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, எனக்கு முன்னால் ஏறிப் போனாள்.